4 அடி மெரைன் தொட்டி, நைட்ரேட் 80ல் நிற்கிறது. எம்பரர் ஏஞ்சல் மீன் விடலாமா?

வேளச்சேரி_க்ளௌன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன். தொட்டி 4 x 1.5 x 1.5 அடி, கீழே சின்ன சம்ப் (துணைத் தொட்டி), இரண்டு வேவ்மேக்கர் (தண்ணீரைக் கலக்கும் பம்ப்), ஒரு ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிப்பது). ஸ்கிம்மர் பெட்டியில் 400 லிட்டர் வரை என்று போட்டிருக்கிறது. ஓட ஆரம்பித்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. மீன் என்று பார்த்தால் உள்ளே ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் க்ளௌன், ஐந்து பச்சை க்ரோமிஸ், ஒரு ப்ளூ டேங், ஒரு செயில்ஃபின் டேங், ஒரு கோரல் ப்யூட்டி, ஒரு சிக்ஸ்லைன் ராஸ், அப்புறம் இரண்டு க்ளீனர் இறால். பவளம் கிடையாது. டேங் மீன் இரண்டும் குட்டிகள்தான், மூன்று அங்குலம் இருக்கும்.

அமோனியா 0, நைட்ரைட் 0, கழிவு மாறிக் கடைசியில் தங்கும் நைட்ரேட் மட்டும் 80 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). கிட்டில் அதற்கு மேல் எல்லாச் சிவப்பும் ஒன்று போலத் தெரிவதால் 80ஆ 100ஆ என்று சத்தியம் செய்ய முடியாது. வாரம் தவறாமல் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன், அப்படியும் அசையவில்லை. மீன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன, பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை.

வழக்கமாக வாங்கும் கடையில் எம்பரர் ஏஞ்சல் குட்டி ஒன்று வந்திருக்கிறது. கருநீலத்தில் வெள்ளை வட்டம் வட்டமாக, கண்ணை எடுக்க முடியவில்லை. பவளம் இல்லாத தொட்டிக்கு நைட்ரேட் 80 பிரச்சனையே இல்லை, இந்த பாட்டிலை ஊற்றினால் அதுவும் இறங்கிவிடும், தாராளமாக விடலாம் என்கிறார் கடைக்காரர். விடலாமா? அல்லது முதலில் பெரிய ஸ்கிம்மர் போட வேண்டுமா?

பழைய_உப்பு

எம்பரர் வேண்டாம். மீதியை அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாகக் கடைப் பக்கம் போகும்.

அந்த வெள்ளை வட்டக் குட்டி வளர்ந்து மஞ்சள் கோடு போட்ட மீனாகும்போது 40 செ.மீ. வரை போகும். உங்கள் தொட்டியின் அகலம் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. கல்லை அடுக்கிய பிறகு அது திரும்புவதற்கே இடம் இருக்காது. ப்ளூ டேங் 30 செ.மீ. வளரும் மீன், செயில்ஃபின் அதைவிடப் பெரிதாகும். ஆகவே உங்கள் தொட்டி இப்போதே நிறைந்த தொட்டிதான், குட்டிகள் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். மூன்று அங்குல டேங் ஆறு அங்குலம் ஆகும்போது நீங்கள் புதிதாக ஒரு மீன்கூட வாங்கியிருக்க மாட்டீர்கள், ஆனால் எடைக் கணக்கில் இன்னும் ஏழு டேங் உள்ளே வந்திருக்கும். சாப்பாடு அதே எட்டு மடங்கு ஆகாது என்றாலும் பல மடங்கு ஆகும்.

இப்போது அந்த 80. அதில் மர்மம் எதுவும் இல்லை, கணக்குதான். 4 x 1.5 x 1.5 என்றால் 9 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 255 லிட்டர். மேலே விட்ட இடம், கல், மணல் எல்லாவற்றையும் கழித்து, சம்ப்பில் நிற்கும் தண்ணீரைக் கூட்டினால் 220 தேறலாம். கடையில் பேசும்போதும் மருந்து அளக்கும்போதும் இந்த 220ஐத்தான் சொல்ல வேண்டும். காய்ந்த மீன் உணவில் பாதி புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிராம் உணவு போட்டால் 80 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது, அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் 350 மில்லிகிராம். 220 லிட்டரில் அது 1.6 பிபிஎம். மீன் உடம்பில் கொஞ்சம் தங்கும், ஸ்கிம்மர் கொஞ்சம் இழுக்கும், மீதியெல்லாம் தண்ணீரில்தான். தினமும் ஒரு கிராம் என்றால் அதிகபட்சம் வாரத்துக்கு 11 ஏறலாம், கழிவு போக 8 என்று வையுங்கள்.

நீங்கள் வாரம் 10 சதவீதம் மாற்றுகிறீர்கள். 80ல் பத்து சதவீதம் எவ்வளவு? 8. ஏறுவதும் 8, இறங்குவதும் 8. அதனால்தான் அங்கேயே நிற்கிறது. 20 சதவீதம் மாற்றினால் 40ல் போய் நிற்கும். எம்பரரை விட்டு வாரத்துக்கு 12 ஏறினால், அதே 10 சதவீத மாற்றத்தில் 120ல் போய் நிற்கும். பெரிய ஸ்கிம்மர் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நகர்த்தும், அவ்வளவுதான்.

தினமும் எவ்வளவு சாப்பாடு போடுகிறீர்கள்? அளந்து சொல்லுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

கொளத்தூர்_ரசிகன்

பழைய உப்பு அண்ணா எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் ஆரம்பிப்பார் 😀 எம்பரர் விஷயத்தில் நானும் அவர் கட்சி, நாலடியில் அது பாவம். ஆனால் மீன் எண்ணிக்கையையும் நைட்ரேட்டையும் இப்படி முடிச்சுப்போட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் ஐந்தடித் தொட்டியில் 18 மீன், நாலு டேங் உட்பட. தினமும் மூன்று வேளை சாப்பாடு. நைட்ரேட் 10ஐத் தாண்டுவதில்லை. சம்ப்பில் பாதி இடம் ரெஃப்யூஜியம் (பாசி வளர்க்கும் அறை), இரவு முழுக்க விளக்கு போட்டு கீட்டோ பாசி வளர்க்கிறேன், வாரம் ஒரு முறை இரண்டு கை நிறையப் பிடுங்கித் தூக்கிப் போடுகிறேன், அதோடு நைட்ரஜனும் வெளியே போய்விடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரில் பாதிக்குத்தான் ஸ்கிம்மரைக் கணக்கு வைக்க வேண்டும், என்னுடையது தொட்டியைப் போல மூன்று மடங்குக்கு உண்டானது. ரோலர் ஃபில்டர் இருப்பதால் எச்சம் அழுகுவதற்கு முன்பே பேப்பரில் சுருட்டிக்கொண்டு போய்விடும். அதிகமாகப் போடு, அதிகமாக எடு. டேங் சண்டைகூட நெருக்கமாக இருந்தால் குறைகிறது, ஒருவனையே துரத்த முடியாது இல்லையா.

எண்ணிக்கையைச் சொல்லிப் பயமுறுத்துவதற்குப் பதிலாக, எவ்வளவு வேகமாக வெளியே எடுக்கிறாய் என்று கேளுங்கள்.

வேளச்சேரி_க்ளௌன்

சாப்பாட்டை நகை எடை பார்க்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன். காலையும் மாலையும் ஃப்ளேக் (காய்ந்த உணவு) சேர்த்து 1.2 கிராம், அதுபோக இரவு மைசிஸ் (உறையவைத்த குட்டி இறால்) இரண்டு க்யூப். கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வருகிறது, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ரசிகன் ப்ரோ, அப்படியென்றால் ரெஃப்யூஜியமும் பெரிய ஸ்கிம்மரும் போட்டுவிட்டால் நானும் இதே மீன்களோடு ஓட்டலாமா?

பழைய_உப்பு

மைசிஸ் க்யூபைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீர். ஃப்ளேக்தான் கணக்கை ஏற்றுகிறது.

ரசிகன், நைட்ரேட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான். எடுக்கும் வேகம் இருந்தால் இறங்கும், உங்கள் தொட்டியே அத்தாட்சி. ஆனால் ஒரு தொட்டி எவ்வளவு மீனைத் தாங்கும் என்பதற்கு நைட்ரேட்டை அளவுகோலாக வைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நைட்ரேட் 10 என்று காட்டும் தொட்டியும் நெருக்கடியான தொட்டியாக இருக்கலாம். பார்க்க வேண்டியது மூச்சை.

27 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். அதே சூட்டில் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) உப்பு உள்ள கடல்நீர் பிடிப்பது ஆறரைக்குப் பக்கம். மே மாதம் ஏசி இல்லாத ஹாலில் தண்ணீர் 31ஐத் தொடும்போது ஆறுதான், அதுவும் மேற்பரப்பு நன்றாகக் கலங்கிக்கொண்டிருந்தால். தங்கமீன் தொட்டியில் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. அந்த ஆறிலிருந்துதான் 18 மீனும் மூச்சு விட வேண்டும், கல்லில் இருக்கும் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக்குவதும் அதே ஆக்சிஜனில்தான், விளக்கு அணைந்த நேரத்தில் பாசியும் அதைத்தான் இழுக்கும்.

இப்போது கரன்ட் போகிறது. பம்ப் நிற்கிறது, வேவ்மேக்கர் நிற்கிறது, ஸ்கிம்மர் நிற்கிறது. உங்கள் நைட்ரேட்டை 10ல் வைத்திருந்த சாமான் எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போய்விட்டது, மீன் மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் அரை மணி எதுவும் தெரியாது. பிறகு டேங் செவுள் அடிப்பது வேகமாகும், க்ரோமிஸ் எல்லாம் மேலே வந்து வாயை நீட்டும். பெரிய மீன்தான் முதலில் விழும், அதற்குத்தான் தேவை அதிகம். ஒரு மீன் கல்லுக்குப் பின்னால் செத்து அழுகத் தொடங்கினால் அமோனியா. கடல்நீரின் பிஎச் 8.1, 8.3 என்று இருப்பதால் அந்த அமோனியாவில் விஷமான பங்கு நல்ல தண்ணீர்த் தொட்டியில் இருப்பதைவிட அதிகம்.

நான் பார்ப்பது இதைத்தான்: எல்லாம் நின்றுபோன பிறகு இரண்டாவது மணி நேரத்தில் எத்தனை மீன் நிம்மதியாக மூச்சு விடுமோ, அத்தனை மீனுக்குத்தான் அந்தத் தொட்டி. எல்லாம் ஓடும்போது எத்தனை தாங்கும் என்பது நல்ல நாள் கணக்கு.

கொளத்தூர்_ரசிகன்

சரி, அதற்குத்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே. எங்கள் ஏரியாவில் கரன்ட் போனால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

வேளச்சேரி_க்ளௌன்

எங்கள் பக்கம் நிலைமையே வேறு ப்ரோ. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் எப்படி இருந்தது என்று தெரியும்தானே. கீழ்வீடு என்றால் இன்வெர்ட்டரே தண்ணீருக்குள். அப்போது என்னிடம் தொட்டி இல்லை. இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மின்_மீன்

கரன்ட் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், மீதியில் பெரியவர்கள் சண்டை போடட்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏஹெச், 12 வோல்ட் என்றால் காகிதத்தில் 1800 வாட் அவர். பழைய பேட்டரி, மாற்றும்போது போகும் இழப்பு என்று கழித்துவிட்டு 1200 என்று வையுங்கள். வேவ்மேக்கர் ஒன்று 10 வாட், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் 40 வாட், இரண்டையும் ஓட்டினால் ஒரு நாள் முழுக்க வரும். ஆனால் அதே இன்வெர்ட்டரில் மூன்று ஃபேனும் டிவியும் ஓடினால் நாலைந்து மணி நேரம்தான். புயல் நேரத்தில் வீட்டில் யாரும் ஃபேனை அணைக்க மாட்டார்கள், அதனால் தொட்டிக்குத் தனி பேட்டரி வைப்பதே நல்லது. 12 வோல்ட் டிசி வேவ்மேக்கர் ஒன்றை 7 ஏஹெச் யூபிஎஸ் பேட்டரியில் நேரடியாகப் போட்டால் ஐந்து மணி நேரம் ஓடும். அதை மேற்பரப்பைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், தண்ணீர் கலங்க வேண்டும். ஸ்கிம்மர், விளக்கு, சில்லர் (தண்ணீரைக் குளிர்விப்பது) எதுவும் அப்போது தேவையில்லை.

அப்புறம் இன்னொன்று. கரன்ட் போனதும் மேலே உள்ள தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகவே கீழே சம்ப்புக்கு இறங்கும். அந்தக் குழாய் வாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தால் காற்று புகுந்து நின்றுவிடும். ஓட்டை இல்லையென்றால் ஹாலில் உப்புத்தண்ணீர். பாசி அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு தடவை டூத்பிக்கால் குத்திவிடுங்கள். இன்றைக்கே ப்ளக்கைப் பிடுங்கி ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருப்பது) வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: நாலைந்து மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே மறுபடி ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். திறந்து கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகு போடுங்கள்.

சிங்கை_ரீஃப்

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஒரே வெக்கை என்பதால் ரீஃப் (பவளத்) தொட்டி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் சில்லர் இல்லாமல் ஓட்டுவதில்லை. சென்னையில் பலர் மேற்பரப்பில் ஃபேன் வைத்துச் சமாளிக்கிறார்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும், காற்றில் ஈரம் கூடினால் அதுவும் குறையும். ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாவது ரொம்பக் கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். 220 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால் 35 பிபிடி 36.7 ஆகிவிடும். அந்தக் குறைவை உப்புத்தண்ணீரால் ஈடுகட்டினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், சுத்தமான ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும்.

வேளச்சேரி நண்பரே, உங்கள் ஆர்ஓ எது? சமையலறை ஆர்ஓ என்றால் அதில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், குடிக்க ருசியாக இருப்பதற்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. அந்தத் தண்ணீர் வழியாகவே நைட்ரேட் உள்ளே வரலாம். மாற்றுவதற்கு வைத்திருக்கும் தண்ணீரையே ஒரு தடவை நைட்ரேட் கிட்டில் பாருங்கள், அதில் 10, 15 காட்டினால் எத்தனை மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது, சாதாரண கார்பன் அதை முழுதாகப் பிடிக்காமல் கோட்டைவிட்டுவிடும், அதற்கென்றே உள்ள கேட்டலிடிக் கார்பன் போடுகிறோம்.

உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டுச் சரி என்று நம்பாதீர்கள். 35 பிபிடி திரவம் ஒரு சின்ன பாட்டில் வாங்கி அதில் வைத்துச் சரிபார்த்தால்தான் நம்பலாம்.

முத்துநகர்

உப்பு பாக்கெட் விலைக்குப் பயந்து வாரம் 10 சதவீதத்தோடு நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன், அது எல்லாருக்கும் உள்ள பிரச்சனைதான். தூத்துக்குடியில் நாங்கள் நிறையப் பேர் கடல்நீரையே எடுக்கிறோம். ஆனால் கரையில் நின்று குடத்தில் மொள்ளக்கூடாது, படகில் கொஞ்சம் உள்ளே போய் எடுத்த தண்ணீராக இருக்க வேண்டும். துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் பம்ப் ஓடவிட்டுச் சில வாரம் வைத்த பிறகுதான் தொட்டிக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் கரையோரம் ஆற்றுத்தண்ணீர் கலந்து உப்பு நன்றாகவே இறங்கிவிடும், அப்போது எடுத்தால் அளக்காமல் ஊற்றவே கூடாது. கூவம், அடையாறு முகத்துவாரம், எண்ணூர் பக்கம் எந்த மாதமும் வேண்டாம்.

ஊரிலிருந்து லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்) அனுப்ப முடியுமா என்று சிலர் தனிச்செய்தியில் கேட்கிறீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லை எடுப்பது குற்றம். 2001லேயே கல் பவளம் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், கடல்குதிரையும் கடல் அட்டையும் அதே வருடம்தான். கேட்காதீர்கள். காய்ந்த கல், இல்லையென்றால் செராமிக் போதும், பாக்டீரியா வந்து குடியேற ஒன்றிரண்டு மாதம் பொறுத்தால் அதே வேலையைச் செய்யும்.

தொட்டி_புதுசு

குறுக்கே ஒரு கேள்வி. மீன் அதிகம் என்றால் பெசன்ட் நகர் கடலில் விட்டுவிடலாமே? அதுவும் கடல் மீன்தானே?

முத்துநகர்

கூடாது சார். கடையில் உள்ள மீன் எந்தக் கடலில் பிடித்தது என்று நமக்கும் தெரியாது, பல நேரம் கடைக்காரருக்கும் தெரியாது. அது பழகிய நோயும் கூடவே போகும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் 1980களில் லயன்ஃபிஷ் தலைகாட்டியது, தொட்டி வைத்திருந்தவர்கள் விட்ட மீன்தான் காரணம் என்கிறார்கள், இன்றைக்குக் கரீபியன் முழுக்க அதுதான். மேலும் அலை அடிக்கும் மணல் கரையில் விட்ட டேங் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

சிங்கை_ரீஃப்

நெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது வெள்ளைப் புள்ளி நோயை யாரும் சொல்லவில்லையே. அந்த ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து மணலில் போய்க் கூடு கட்டும், கூடு வெடித்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளியே வரும், அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். விசாலமான கடலில் பெரும்பாலானவை பிடிக்காமலே போகும். நாலடித் தொட்டியில் பதினொரு மீன் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் பெருகும். டேங்குக்குத்தான் முதலில் வரும். இறாலும் கல்லும் உள்ள தொட்டியில் காப்பர் மருந்து போடவும் முடியாது. புதிய மீனை ஒரு மாதமாவது தனித்தொட்டியில் வைக்காமல் விடுபவர்கள் மேலும் ஒரு மீன் என்று பேசவே கூடாது என்பது என் கட்சி.

வேளச்சேரி_க்ளௌன்

ஆர்ஓ தண்ணீரை டெஸ்ட் செய்தேன். சிங்கை நண்பர் சொன்னது சரி, நைட்ரேட் 10க்கும் 20க்கும் நடுவே காட்டுகிறது! அந்தத் திருகு பாதி திறந்திருந்தது. டிடிஎஸ் 140. ப்ளக்கைப் பிடுங்கியும் பார்த்தேன், சம்ப் விளிம்பு வரை வந்து நின்றது, நல்லவேளை வழியவில்லை. ஓட்டை எதுவும் இல்லை, நாளைக்குப் போடுகிறேன்.

எம்பரர் ஆசையை விட்டுவிட்டேன், மனசு கேட்கவில்லை ஆனாலும் விட்டுவிட்டேன். இப்போது இரண்டு சந்தேகம். கடைக்காரர் கொடுத்த நைட்ரேட் பாட்டிலை ஊற்றலாமா? டேங் இரண்டையும் எடுத்தே ஆக வேண்டுமா, ஒன்று போதுமா?

பழைய_உப்பு

முதலில் அந்தத் திருகை மூடுங்கள், மூடியும் டிடிஎஸ் இறங்கவில்லை என்றால் மெம்ப்ரேனை மாற்றி, பின்னால் ஒரு டிஐ (மிச்ச உப்பையும் பிடிக்கும்) கார்ட்ரிட்ஜ் போடுங்கள், டிடிஎஸ் பூஜ்யம் காட்டும் வரை. நான் மேலே போட்ட கணக்கில் மாற்றும் தண்ணீர் சுத்தமானது என்று வைத்திருந்தேன். அதிலேயே 15 இருந்தால் 80லிருந்து 10 சதவீதம் மாற்றும்போது 8 இறங்குவதற்குப் பதில் ஆறரைதான் இறங்கும்.

பாட்டில் வேண்டாம். அப்படிப்பட்ட பாட்டில்களில் பெரும்பாலும் பாக்டீரியாவும் அதற்குத் தீனியாக ஏதோ ஒரு கார்பனும்தான் இருக்கும், சிலர் வோட்கா ஊற்றுவதும் இதற்குத்தான். பாக்டீரியா பெருகி நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும், ஸ்கிம்மர் அதை வெளியேற்றும். வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் அளவு கொஞ்சம் கூடினால் இரவோடு இரவாகத் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, அந்தப் பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மூச்சு முட்டும் தொட்டியில் செய்யக்கூடிய கடைசி வேலை அது. மீன் குறைந்த பிறகும் நைட்ரேட் இறங்காவிட்டால் அப்போது யோசிக்கலாம்.

தண்ணீரை மாற்றித்தான் இறக்க வேண்டும். ஒரே நாளில் பாதியை மாற்றி வீரம் காட்ட வேண்டாம். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை 25 சதவீதம், உப்பும் சூடும் தொட்டித் தண்ணீரோடு சமமாக இருக்க வேண்டும், புதிய உப்பைக் கரைத்து முந்தின நாளே பம்ப் ஓடவிட்டு வையுங்கள். நாலு தடவையில் 30க்குப் பக்கம் வந்துவிடும். ஃப்ளேக்கைப் பாதியாக்குங்கள்.

டேங் இரண்டுமே போக வேண்டும், இன்றைக்கே இல்லை. செயில்ஃபின் முதலில், அது வேகமாக வளரும். ப்ளூ டேங்கை ஐந்து அங்குலம் வரும்வரை வைத்துக்கொள்ளலாம், அதற்குள் ஆறடித் தொட்டி உள்ள யாராவது கிடைப்பார்கள். க்ரோமிஸைக் கைவைக்க வேண்டியதில்லை, அவை தங்களுக்குள்ளேயே கடித்துக் குறைத்துக்கொள்ளும், ஐந்து பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும்.

கொளத்தூர்_ரசிகன்

கரன்ட் விஷயத்தில் அண்ணா சொன்னதை நேற்று இரவு யோசித்துப் பார்த்தேன். என் மீனைக் குறைக்க மாட்டேன், ஆனால் தனி பேட்டரி ஆர்டர் போட்டுவிட்டேன். கட்சி மாறவில்லை என்று பதிவு செய்துகொள்கிறேன் 😀

செயில்ஃபினைப் பிடிப்பது எப்படி என்று நான் சொல்கிறேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு. வலையைத் தூக்கிக்கொண்டு பகலில் துரத்தினால் கல் சரிந்து கண்ணாடி உடையும், மீன் கிடைக்காது. வாலின் இரண்டு பக்கமும் கத்தி போல முள் இருக்கும், வலையில் மாட்டினால் மீனைப் பிரித்தெடுப்பதற்குள் துடுப்பு கிழிந்துவிடும், உங்கள் விரலும் போகும். கண்ணாடி போலத் தெளிவான ப்ளாஸ்டிக் டப்பா ஒன்றை மூடி இல்லாமல் படுக்க வைத்து, உள்ளே நோரி கடல்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி வையுங்கள். வேறு எங்கும் சாப்பாடு போடாதீர்கள். முதல் நாள் சந்தேகப்படும், எட்டிப் பார்த்துவிட்டு ஓடும். அப்புறம் தலையை மட்டும் விட்டுக் கொறிக்கும், அப்போது அவசரப்பட்டால் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கமே வராது. உடம்பு முழுக்க உள்ளே போய்ச் சாவகாசமாகத் தின்னும் வரை பொறுத்து, டப்பாவை மெதுவாக நிமிர்த்தி மேலே கொண்டு வாருங்கள்.

அதுவும் சரிவரவில்லை என்றால் நள்ளிரவில் விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு வாருங்கள். டேங் ஒரே கல் இடுக்கில்தான் தினமும் தூங்கும், நிறம் வெளுத்து, உடம்பெல்லாம் கறை கறையாக, செத்தது போலக் கிடக்கும். கல்லோடு சேர்த்து மெதுவாகத் தூக்கி டப்பாவுக்கு மேல் பிடித்தால் அதுவாக இறங்கும்.

வேளச்சேரி_க்ளௌன்

டப்பா வைத்தாயிற்று. இப்போதைக்குக் க்ளௌன் ஜோடிதான் அதில் குடித்தனம் நடத்துகிறது.

கடையில் கேட்டேன், வாங்கிய விலையில் பாதிக்கு எடுத்துக்கொள்கிறாராம், அதுவும் காசாக இல்லை, கடையில் வேறு பொருளாக. கொடுத்துவிடட்டுமா? எப்படி எடுத்துப் போவது?

பழைய_உப்பு

பாதி விலை நல்ல விலைதான், கொடுங்கள், அந்தக் கணக்கில் உப்பு பக்கெட் வாங்குங்கள். மீன் வாங்கிக்கொண்டு வந்தால் இந்த இழை முழுவதையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வைப்போம். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வால் முள் குத்தும் என்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை, நடுவில் ஒரு மடிப்பு செய்தித்தாள். முந்தின நாள் அந்த டப்பாவில் நோரியைத் தவிர எதுவும் வேண்டாம், வயிறு நிறைந்த மீன் பைக்குள்ளேயே தண்ணீரைக் கெடுத்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், தெர்மகோல் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.